தலையை உதறுகிற நாய்



இந்த வாரத் தியானத்திற்கு நான் தெரிந்துகொண்ட பொருளைக் கேட்டால் உங்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். நாயின் காதைப் பற்றி எழுதப் போகிறேன். நீதிமான் தன் வீட்டு மிருகத்தின் உயிரைக் குறித்துக் கவலையுள்ளவன் என்று நீதிமொழிகள் பன்னிரண்டாம் அதிகாரம் போதிக்கிறது. அந்த வசனத்தை நாம் ஆடுமாடுகளைப் பற்றியதாகவே வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஆலத்தூர் நாட்டில் நாயில்லாத வீடு எத்தனை? பலா பழுக்கும் காலத்தில் குரங்கையும், மரவள்ளிக் காட்டில் காட்டுப்பன்றியையும் இரவெல்லாம் விரட்டி நமக்காக விழித்திருப்பது அதுதானே. ஆனாலும் அதற்கு நோய் வந்தால், மாட்டுக்கு வந்ததைப் போல நாம் பதறுவதில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்திற்கு முன்பு நம் சபையின் மூப்பர் ஒருவர் என்னிடத்தில் வந்தார். பெயரைச் சொல்லாமல் எழுதிக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார். கோயம்புத்தூரில் வேலை செய்யும் அவருடைய மகன், லாப்ரடார் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப்போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு வயதிலிருந்தே அதற்குக் காதில் சீழ். கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவார்கள். ஒரு வாரத்தில் ஆறும். இரண்டு மாதத்தில் மறுபடியும் நாற்றம், மறுபடியும் தலையை உதறல். அந்த வாரத்தில் அவருடைய பேரன் ஓடிவந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது, அது வலி தாங்காமல் திரும்பிக் குழந்தையின் கையைக் கவ்விவிட்டது. பல் ஆழமாகப் பதியவில்லை. காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசிகளையும் தவறாமல் போட்டுவிட்டார்கள். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது.

"ஐயா, காரவள்ளி அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பையன் சொல்கிறான். ஊசி போட்டு முடித்துவிடுவது அதைவிடப் புண்ணியம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாயில்லாத ஜீவன், எத்தனை நாளைக்கு இப்படி வேதனைப்படும்? இதில் பாவம் உண்டா?" என்று கேட்டார்.

வேதபாடசாலையில் இப்படிப்பட்ட கேள்விக்கு எங்களுக்கு விடை கற்பிக்கவில்லை. "அண்ணே, முடிவெடுப்பதற்கு முன்னால் ஒருமுறை நாமக்கல் போய் வருவோம்" என்று மாத்திரம் சொன்னேன். நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் எட்டிவிடக்கூடிய தூரத்தில் இத்தனை படிப்பும் அனுபவமும் இருக்க, நம்மில் பலர் கறவை மாட்டுக்கு மாத்திரமே அதை நாடுகிறோம். நானும் அவர்களோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். நாய் இரண்டு தடவை வாந்தி எடுத்தது. மூப்பரும் ஒரு தடவை.

மருத்துவர் காதைத் தொடுவதற்கு முன்பு நாயின் பாதங்களை விரித்துப் பார்த்தார். விரலிடுக்குகளில் இருந்த மயிர் எச்சில் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாகியிருந்தது. அக்குளைப் பார்த்தார், அடிவயிற்றைப் பார்த்தார், இரண்டும் சிவந்திருந்தன. பிறகே காதுக்கு வந்தார். "இது பாதத்தை நக்குமா? முகத்தைத் தரையில் தேய்க்குமா?" என்று கேட்டார். "எப்போதும் நக்கும் அம்மா, அது அதன் பழக்கம்" என்றார் மூப்பர். பழக்கமல்ல, அரிப்பு என்று அந்த அம்மையார் விளக்கினார். நாங்கள் காது நோய் என்று கொண்டுபோனது உண்மையில் தோல் நோய்.

அவர் சொன்னதையும், அதன்பின் நான் வாசித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம்மில் இன்னும் சிலருடைய வீட்டு நாய்கள் தலையை உதறிக்கொண்டிருப்பதை நான் வீட்டு ஜெபங்களுக்கு வரும்போது காண்கிறேன்.

மனிதருடைய காதுக்குழாய் ஏறக்குறைய நேராகச் செல்வது. நாயினுடையதோ முதலில் செங்குத்தாகக் கீழே இறங்கி, பின்பு உள்நோக்கித் திரும்பி, அதன் முடிவில் செவிப்பறையைச் சேருகிறது. நம் மலைச்சாலையில் ஒரே ஒரு வளைவை வெட்டி வைத்தாற்போல என்று கொள்ளுங்கள். அந்த வளைவில் காற்றோட்டம் குறைவு. ஈரம் சேர்ந்தால் எளிதில் உலராது. அந்தக் குழாயின் உட்புறம் முழுவதும் மூடியிருப்பது தோல். முதுகிலும் வயிற்றிலும் இருக்கிற அதே தோலின் தொடர்ச்சிதான் அது. ஆகவே உடம்பின் தோல் ஒவ்வாமையால் அழன்று சிவக்கும்போது காதுக்குள் இருக்கும் தோலும் அழன்று சிவக்கிறது. ஒவ்வாமைத் தோல் நோயுள்ள நாய்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காது நோயும் வருகிறது. சில நாய்களுக்கு உடம்பில் வேறெங்கும் அடையாளமே இராமல் காது ஒன்றே அந்த ஒவ்வாமையின் அடையாளமாக இருப்பதும் உண்டு.

ஆரோக்கியமான காது தன்னைத்தானே துப்புரவாக்கிக் கொள்ளும் விதம் சிருஷ்டிப்பின் அழகுகளில் ஒன்று. குழாயின் உட்தோல் செவிப்பறையிலிருந்து வெளிநோக்கி மிக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அழுக்கும் மெழுகும் அதன்மேல் ஏறிக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றன. ஒருவர் கையும் தேவையில்லை. அழற்சி வந்தால் இந்த ஓட்டம் தடைபடுகிறது. மெழுகு அதிகமாகச் சுரக்கிறது, தோல் தடிக்கிறது, குழாய் குறுகுகிறது, வெப்பமும் ஈரமும் பெருகுகின்றன. தோலில் வழக்கமாகச் சாதுவாகக் குடியிருக்கும் மலசேசியா என்ற பூஞ்சையும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்களும் அந்தச் சமயத்தில் பெருகிவிடுகின்றன. நமக்குத் தெரிகிற சீழும் நாற்றமும் அவற்றின் வேலை. கடையில் வாங்கும் சொட்டு மருந்து அவற்றைக் கொல்லுகிறது, காது சுத்தமாகிறது. ஒவ்வாமையோ அப்படியே இருக்கிறது. ஆண்டவர் மத்தேயு பன்னிரண்டாம் அதிகாரத்தில் சொன்ன, பெருக்கி ஜோடிக்கப்பட்டு வெறுமையாய்க் கிடந்த வீடு என் நினைவுக்கு வந்தது. முன்பு இருந்ததைவிடப் பொல்லாதவை அங்கே திரும்பி வந்தன அல்லவா? நாயின் காதிலும் ஏறக்குறைய அப்படியே நடக்கிறது. அரைகுறையாக மருந்திட்டு நிறுத்தி, மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறக்கூடும். மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் வடியும். குழாயின் சுவர் காலப்போக்கில் எலும்பைப்போல் இறுகிப்போகும். அந்த நிலையில் குழாயை முழுவதுமாக வெட்டி அகற்றுகிற அறுவைச் சிகிச்சையைத் தவிர வேறு வழி இராமல் போவதும் உண்டு. இதற்குள் நோய் செவிப்பறையைக் கடந்திருந்தால் நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளாடும்.

மூப்பருடைய நாய்க்குக் குழாய் தடித்திருந்தது, இறுகிப்போயிருக்கவில்லை. இன்னும் காலம் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது அந்தப் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எரேமியா தீர்க்கதரிசி தன் காலத்து ஆசாரியர்களைக் கடிந்துகொண்டபோது, அவர்கள் ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாகக் குணமாக்குகிறார்கள் என்று குற்றம் சாட்டினார். அந்த "மேற்பூச்சு" என்ற சொல்லை நான் இருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகப் பிரசங்கித்திருக்கிறேன். அன்று மலையேறி வரும்போது அந்தச் சொல்லோடு வேறொரு நினைவும் சேர்ந்துகொண்டது. அது நம் மலையின் சொந்தக் கதை. இளையவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனெரித் தம்பதியர் 1913ஆம் ஆண்டு திருமணம் முடித்துக் கொல்லிமலையில் ஊழியம் தொடங்கினார்கள். வண்டிப் பாதை இல்லாத காலம். வாழவந்தி நாட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். அந்நாட்களில் நம் முன்னோரை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. காலில் கொப்புளம் கண்டு, அதிலிருந்து நூல்போன்ற நீண்ட புழு வெளிவரும். அதை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி ஐயா அப்படிப்பட்ட கால்களுக்கு எத்தனையோ நாள் பணிவிடை செய்தார். ஆனால் அவர் காலோடு நின்றுவிடவில்லை. புண்ணுள்ள கால் தண்ணீரில் இறங்கும்போது புழு தன் குஞ்சுகளை அங்கே விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி அவற்றை விழுங்குகிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவனுக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் வருகிறது. இதை அறிந்து, ஜனங்கள் தண்ணீருக்குள் காலை வைக்காதபடி கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பச் செய்தார். அவர் 1929ஆம் ஆண்டு மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால் மரித்தார். அதே வழியில் இந்தியா முழுவதும் கிணறுகளும் குடிநீரும் பாதுகாக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் நரம்புச் சிலந்தி நம் தேசத்திலிருந்து ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த நோய்க்குத் தடுப்பூசி இன்றுவரை இல்லை. கிணற்றைக் கவனித்ததே அதை ஒழித்தது.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் ஒன்பது வயதுவரை இந்த மலையில் மரமேறித் திரிந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து உதிர்வது அந்த நோயின் இயல்பு, அவர்கள் சதையே கெட்ட சதை, அறுத்தாலும் ஆறாது என்று அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். அவர் புண்ணை விட்டுவிட்டு, புண் எப்படி வருகிறது என்று தேடினார். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணியை மிதித்து நடக்கிறார்கள். கை கால் கெடுகிறது என்று கண்டறிந்தார். ஆனாலும் சிலருக்கு இரவு படுக்கும்போது இருந்த விரல் காலையில் இல்லாமற்போனது விளங்கவில்லை. இரவில் காவலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எலிகள் வந்து கடித்துக்கொண்டிருந்தன. உறங்குகிறவருக்கு வலியே தெரியவில்லை. அதன்பின் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பிவைத்தார்கள். எத்தனையோ நுட்பமான அறுவைச் சிகிச்சைகளைச் செய்த மருத்துவர் அவர். அவருடைய மருந்துச் சீட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பூனைதான்.

தகப்பன் காலிலிருந்து கிணற்றுக்குப் போனார்; மகன் விரலிலிருந்து நரம்புக்குப் போனார். நம்முடைய நாய்க்காரர்கள் காதிலிருந்து தோலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

தோலுக்குப் போவது எப்படி என்றால், முதலில் எதனால் ஒவ்வாமை என்று தேட வேண்டும். தெள்ளுப்பூச்சியின் எச்சில் சில நாய்களுக்கு ஆகாது. சிலவற்றுக்கு உணவில் உள்ள ஏதோ ஒரு புரதம் ஆகாது. பெரும்பாலும் மாட்டிறைச்சி, பால், கோழி போன்றவை. சிலவற்றுக்கு வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய சிற்றுயிர்கள், மகரந்தம், பூஞ்சைத் துகள் ஆகியவை ஆகா. இவ்வகை பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்குகிறது. ஒரே நாய்க்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே மருத்துவர் முதலில் தெள்ளுப்பூச்சி, உண்ணிகளுக்கு மருந்து கொடுத்தார். அதை மாதந்தோறும் தவறாமல் கொடுக்க வேண்டும், வீட்டில் உள்ள மற்ற நாய்க்கும் பூனைக்கும் அததற்கு உரிய மருந்து வேண்டும் என்றார்; நாய்க்குரிய சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும், கலந்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுகிற வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது தோலைப் பொசுக்குகிறது, நக்கினால் நஞ்சு.

அடுத்தது உணவுச் சோதனை. நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மாத்திரம் குறைந்தது எட்டு வாரங்களுக்குக் கொடுக்க வேண்டும். இந்த நாய்க்கு வகுத்துக்கொடுத்தது மீனும், தோல் நீக்கி நன்றாக வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும். இதற்கு இடையில் பாலோ பிஸ்கட்டோ ஒரு துண்டு எலும்போ விழுந்தாலும் சோதனை கெட்டுவிடும். மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்னும் நாய்க்குட்டிகளைப் பற்றிப் பேசி ஆண்டவரிடத்தில் இரக்கம் பெற்ற கானானிய ஸ்திரீயின் விசுவாசத்தை நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். அந்த எட்டு வாரமும் மூப்பர் வீட்டில் துணிக்கைகளுக்கு விரோதமாக ஒரு யுத்தமே நடந்தது. பேரன் சாப்பிடும்போது நாயை வெளியே கட்டினார்கள். அண்டை வீட்டாரிடத்தில் போய் எதையும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் வீட்டு ஜெபத்திற்குப் போன அன்று என் கையிலிருந்த பன்னைப் பாட்டியம்மாள் பிடுங்கி வைத்துவிட்டார்கள்.

எட்டு வாரம் முடிந்தது. அரிப்பு பெரிதாகக் குறையவில்லை. வீட்டார் சோர்ந்துபோனார்கள். ஆனால் மருத்துவர் சோரவில்லை. உணவு காரணமல்ல என்று இப்போது நிச்சயமாகிவிட்டது, இனி தைரியமாகப் பழைய உணவைக் கொடுக்கலாம், தூசியும் மகரந்தமும்தான் காரணம் என்று வைத்து மேலே செல்லலாம் என்றார். இப்படிப்பட்ட ஒவ்வாமை ஒரேயடியாகத் தீருவதில்லை. ஆயுள் முழுவதும் அடக்கி வைத்திருக்க வேண்டியது. அரிப்பைக் குறைக்கும் மாத்திரையை, எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்று பார்த்துப் பார்த்துக் குறைத்தார்கள். வாரம் ஒருமுறை மருந்து ஷாம்பூவால் குளியல். நாய் படுக்கும் சாக்கை வாரந்தோறும் வெந்நீரில் அலசி வெயிலில் போடுதல். நம் மலையில் வெயில் கிடைக்கிற நாளில்.

இப்போது காதுக்கு வருகிறேன். நோய் தணிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது என்பதை மறவாதீர்கள். சிவந்து, வலித்து, சீழ் வடிகிற காதில் மருத்துவர் பாராமல் எதையும் ஊற்றலாகாது. செவிப்பறை கிழிந்திருந்தால், ஊற்றுகிற மருந்து உள்ளே இறங்கிக் கேட்கும் திறனையே கெடுத்துவிடக்கூடும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், புகையிலைச் சாறு, கற்பூர எண்ணெய் ஆகியவற்றை நம் பெரியவர்கள் அன்பினால்தான் ஊற்றினார்கள். அந்த அன்பை நான் குறைகூறவில்லை. ஆனால் எண்ணெய் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கிறது, புகையிலை நாய்க்கு நஞ்சு, காரமானவை புண்ணை இன்னும் எரிக்கின்றன. மனிதருக்கு எழுதிக்கொடுத்த காது மருந்தில் மிஞ்சியதும் வேண்டாம்.

நாய்களுக்கென்று விற்கும் காது கழுவும் திரவத்தை மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலக் குளிரில் அந்தப் புட்டியைச் சிறிது நேரம் கையில் பொத்தி வைத்திருந்தால் குளிர்ச்சி போகும். சில்லென்று ஊற்றினால் நாய் அடுத்த முறை உங்களைக் கண்டாலே ஓடும். காது மடலை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, குழாய் நிறையும்படி ஊற்றுங்கள். புட்டியின் முனை காதில் படக்கூடாது. பிறகு காதின் அடிப்பகுதியை, தாடை எலும்புக்குப் பின்னால் குழாய்போல் தட்டுப்படுகிற இடத்தை, அரை நிமிஷம் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். சேற்றில் நடப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். விட்டுவிட்டு இரண்டடி விலகி நில்லுங்கள், நாய் உதறும். ஆராதனை வேஷ்டியோடு இதைச் செய்ய வேண்டாம். வளைவுக்குக் கீழே கிடந்த அழுக்கு அந்த உதறலில் மேலே வந்துவிடும். உங்கள் விரல் எட்டுகிற மட்டும் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் குச்சியை உள்ளே விடாதீர்கள். அது அழுக்கை வளைவுக்குள் தள்ளிவிடும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது நாய்க்கு நாய் மாறுபடும். இந்த நாய்க்கு வாரம் ஒருமுறை. அடிக்கடி கழுவினாலும் தோல் ஊறிக் கெடும். ஒவ்வாமை இல்லாத, நிமிர்ந்த காதுள்ள நம் நாட்டு நாய்க்கு இது பெரும்பாலும் தேவையே இல்லை. குளித்த பின்பும், ஓடையில் இறங்கி வந்த பின்பும், மழையில் நனைந்த பின்பும் தொங்கு காதைத் தூக்கித் துணியால் ஒற்றி உலர்த்துவது மாத்திரம் எல்லா நாய்க்கும் நல்லது.

மூப்பருடைய நாய்க்கு இதனோடு மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். காது சுகமாகி, மெழுகை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமி இல்லை என்று உறுதிசெய்த பிறகும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தொடர்ந்து விடச் சொன்னார். "சுகமான காதுக்கு எதற்கு மருந்து?" என்று நான்தான் கேட்டேன். சுகமான காதைச் சுகமாகவே வைத்திருக்க என்றார். தோல் தடிக்கத் தொடங்குமுன்பே அதைத் தணித்து வைத்தால் கிருமிக்கு இடம் கிடைப்பதில்லை. இதை எல்லா நாய்க்கும் நாமாகச் செய்துவிடக்கூடாது. கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டை மட்டும் ஊற்றினால் நிலைமை மோசமாகலாம்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டாமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வேண்டும். மிளகு விலை இறங்கிய ஆண்டில் பிள்ளைகளின் படிப்புக்கே கடன் வாங்கியவர்கள் நம்மில் உண்டு. நாய்க்கு மாத்திரை வாங்க முடியாத வீட்டை நான் நியாயந்தீர்க்க மாட்டேன். தேவனும் அப்படிச் செய்வார் என்று நான் எண்ணவில்லை. ஆனால் இதில் காசில்லாமல் செய்யக்கூடியது அதிகம் இருக்கிறது. வாரம் ஒரு நாள் காது மடலைத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். நல்ல காது வெளிறிய இளஞ்சிவப்பாக, நாற்றமில்லாமல் இருக்கும். புளித்த மாவைப்போல் வாடை வந்தால், பழுப்பு மெழுகு பஞ்சில் அப்பினால், மடலின் உட்புறம் சூடாகச் சிவந்திருந்தால், அது தொடக்கம். அப்போதே மருத்துவரிடம் போனால் சில நாள் மருந்தோடு போய்விடும். இரண்டு மாதம் கழித்துப் போனால் செலவு பல மடங்கு. காது மடல் திடீரென்று பலூன்போல் வீங்கினால், ஓயாமல் உதறியதில் உள்ளே இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அதை வீட்டில் குத்தி எடுக்காதீர்கள். புதிதாக நாய் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாப்ரடார், காக்கர் ஸ்பானியல், பக் போன்ற இனங்களில் இந்த ஒவ்வாமை மிகுதி. மூடுபனியும் மழையும் மிகுந்த நம் மலைக்கு அவற்றைக் கொண்டுவரும் பிள்ளைகள் அதன் செலவையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவது எனக்குச் சம்மதமில்லை. இதை அந்த மகனிடத்தில் நேரிலேயே சொன்னேன். இப்போது மாதந்தோறும் மாத்திரைக்குப் பணம் அனுப்புகிறார்.

பால் பிராண்ட் தம் வாழ்நாளெல்லாம் வலி தேவன் தந்த ஈவு என்று சொல்லிவந்தார். அந்தப் போதனையை நான் ஏற்றுக்கொள்ளுகிறேன், ஆனாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வலி ஈவாக இருப்பது, அதைக் கேட்டு எழுந்திருக்க ஒருவர் இருக்கும்போது. தொழுநோயாளிக்கு வலி இல்லை. அதனால் அவருடைய கை அழிந்தது. இந்த நாய்க்கு வலி இருந்தது. இரண்டு வருஷம் தலையை உதறி உதறி அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் பல்லாலும் சொன்னது. பிலேயாமின் கழுதைக்கு வாய் திறக்கப்பட்டபோது அது முதலில் கேட்டது, என்னை ஏன் அடித்தாய் என்பதுதான் என்று எண்ணாகமத்தில் வாசிக்கிறோம். நம் வீட்டு மிருகங்களின் வாயைக் கர்த்தர் ஒரு நாள் திறந்தால் என்ன கேட்கும் என்று அன்று வளைவுகளில் ஏறிவரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். நாய் என் காலடியில் படுத்திருந்தது.

மூப்பர் கேட்ட கேள்விக்கு இன்னும் நான் விடை சொல்லவில்லை. தீராத வேதனையில் கிடக்கும் மிருகத்தை மருத்துவர் கையால் வலியில்லாமல் முடித்து வைப்பதை நான் பாவம் என்று சொல்லத் துணியமாட்டேன். சில வேளைகளில் அதுவே இரக்கம். தடுக்கக்கூடிய வேதனையைத் தடுக்காமல் விட்டு, பின்பு இரக்கம் என்ற பெயரில் முடித்துவிடுவது வேறு. அடிவாரத்தில் இறக்கிவிட்டு வருவது இவ்விரண்டிலும் சேராதது. அதற்கு நான் எந்தப் பெயரும் தேட விரும்பவில்லை.

இந்த வடகிழக்குப் பருவமழையில் நாய்க்கு ஒரே ஒருமுறை இடது காதில் வாடை வந்தது. அதைக் கண்டுபிடித்தது பேரன். முதலில் அந்தக் குழந்தை நாயின் பக்கம் போகவே அஞ்சியது. தாத்தா காது கழுவும்போது எட்டி நின்று பஞ்சை நீட்டத் தொடங்கி, பிறகு வாரந்தோறும் முகர்ந்து பார்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்பது வீட்டில் சட்டம். சரியான நேரத்தில் கண்டதால் பத்து நாள் மருந்தோடு முடிந்துவிட்டது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஆலய வளாகத்துப் பலா மரத்தடியில் மூப்பர் தம் நாயின் காதைக் கழுவிக் காட்டச் சம்மதித்திருக்கிறார். தொங்கு காதுள்ள நாய் வைத்திருக்கிற குடும்பங்கள் அவசியம் வாருங்கள். நாய்களை அழைத்து வருகிறவர்கள் கயிற்றில் கட்டி, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிறுத்துங்கள். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் கொண்டுவாருங்கள்; இல்லாதவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, எல்லாரையும் ஒரே நாளில் மருத்துவரிடம் அழைத்துப் போக ஒரு வண்டி பேசலாம் என்றிருக்கிறேன். வளைவுகளில் வாந்தி எடுக்கும் நாய்களுக்கும் மூப்பர்களுக்கும் பழைய சாக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.